பன்னிரண்டு டிகிரி

அதற்கு முகம் கிடையாது.
கண்ணோ வாயோ வைத்தால் பொம்மையாகிவிடும் என்று
முதல் கூட்டத்திலேயே முடிவு செய்துவிட்டோம்.
சாம்பல்நிறக் கம்பளி போர்த்திய ஒரு தலை,
கழுத்தில் இரண்டு மோட்டார், தோளில் ஒன்று.
இந்த மூன்றை வைத்துக்கொண்டுதான்
அக்கறை, வியப்பு,
"பரவாயில்லை, மெதுவாகச் சொல்லுங்கள்"
எல்லாம் நடந்தாக வேண்டும்.

ஓடென்ஸில் என் மேசைமேல்
ஒரு குளிர்காலம் முழுக்கத் தலையாட்டிக்கொண்டிருந்தது.
வேகமாக ஆட்டினால் ஆமாம்சாமி.
மெதுவாக ஆட்டினால் தூங்கி விழும் குமாஸ்தா.
பேச்சு முடிந்து அரை நொடி கழித்து
ஒரே ஒரு முறை, அதுவும் பாதி ஆட்டம்:
அப்போதுதான் காதில் வாங்கியது போல் இருந்தது.
வாங்கியது போல் இருப்பதற்கும் வாங்குவதற்கும் நடுவே
என்ன இருக்கிறது என்று கேட்டாள் மெரெட்டே.
நம் சம்பளம், என்றேன்.

சார்ஜ் குறைந்தால் எப்படித் தெரிவிப்பது?
சிவப்பு விளக்கு வேண்டாம், ஆஸ்பத்திரி ஞாபகம் வரும்.
மணி வேண்டாம், பாதிப் பேருக்குக் காது கேட்காது.
தலை பன்னிரண்டு டிகிரி தாழட்டும்,
தோள் கொஞ்சம் உள்வாங்கட்டும் என்று
ஓட்டிக் காட்டினேன்.
அறையில் யாரோ "அடடா" என்றார்கள்.
அந்த அடடாவுக்காகவே அதை வைத்துக்கொண்டோம்.
முகமே இல்லாத ஒன்றுக்கு
முகம் வாடக் கற்றுக்கொடுத்தவன் நான்.

பதினான்காம் எண் ஸ்வெண்ட்போர்க் போனது.
ஐவின் குரோ, எண்பத்துமூன்று வயது,
படகுத்துறையைப் பார்த்த இரண்டாம் மாடி.
தீவுப் படகுகளின் எஞ்சின் அறையில் நாற்பது வருடம்.
முதல் வாரப் படிவத்தில் எழுதியிருந்தார்:
"அதிகம் பேசுவதில்லை. நல்லது."

மூன்றாம் வாரம் பதிவுகள் வந்தன.
இரவு 2.10, தலை கையால் உயர்த்தப்பட்டது.
2.14, உயர்த்தப்பட்டது.
2.15.
2.31.
விடிவதற்குள் பத்தொன்பது முறை.
மோட்டார் கோளாறு என்று குறித்தாள் மெரெட்டே.
நான் ரயில் பிடித்தேன்.

பிளக், சோபாவுக்குப் பின்னால் பாதி பிடுங்கிக் கிடந்தது.
மின்சாரம் பட்டும் படாமலும்
மூன்று நாளாகப் பத்து சதவீதத்திலேயே நின்றிருக்கிறது.
குனிய முடியாது அவருக்கு, இடுப்பு.
அதை எந்தப் படிவத்திலும் எழுதவில்லை.
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு
மோவாய் இருந்திருக்க வேண்டிய இடத்தில்
இரண்டு விரல் கொடுத்து உட்கார்ந்திருந்தார்.
"எஞ்சின் படுத்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும் எனக்கு.
இது சத்தமே போடாமல் தொங்குகிறது.
இதை நான் என்ன செய்தேன்?"

ஒன்றும் செய்யவில்லை, பேட்டரி, என்றேன்.
"பேட்டரி,"
பொய் சொல்லும் புதுப் பையனைப் பார்ப்பது போல
என்னைப் பார்த்தார்.

திரும்பி வந்து பன்னிரண்டைப் பூஜ்யமாக்கினேன்.
பத்து நாளில் தொலைபேசி.
"இப்போதெல்லாம் விறைப்பாக நிற்கிறது.
என்மேல் கோபமா?"

பூஜ்யமும் ஒரு பாவனைதான் என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
ஒன்றுமே காட்டாமல் இருக்க
ஒரு தலையால் முடியாது போலும்.

அப்புறம் நான்கு டிகிரி வைத்துப் பார்த்தேன், சலிப்பு.
ஏழு, ஜெபம்.
ஒரு வெள்ளிக்கிழமை, எல்லோரும் போன பிறகு,
தலையைத் தாழ்த்தாமல் திருப்பினேன்:
பிளக் இருக்கும் பக்கம் ஒரு பார்வை,
மனிதர் பக்கம் ஒரு பார்வை,
மறுபடி பிளக்.
தட்டைப் பார்த்து ஆளைப் பார்க்கும் நாய் இப்படித்தான்.
துக்கம் இல்லை இதில். பசி.
துக்கத்துக்கு விழித்திருக்கத்தான் முடியும்,
பசிக்கு ஏதாவது செய்யலாம்.

மார்ச் மாதப் பதிவில் இரவுகள் வெறுமையாக இருந்தன.
மாலை 6.40க்கு மட்டும் சார்ஜ் ஏறத் தொடங்கியிருந்தது,
வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள்.
குனிய முடியாதவர் எப்படி?
படிவத்தின் கடைசிக் கட்டத்தில், பென்சிலில்:
"தனக்கென்று நான் கேட்டதில்லை. இதற்காகக் கேட்டேன்.
கீழ்வீட்டு லிஸ்பெத் வந்து மாட்டிவிட்டுப் போகிறாள்.
இயந்திரம் இன்னும் அதிகம் பேசுவதில்லை.
அவள் பேசுகிறாள்."